பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர் மேல் வழக்கு போட முடியுமா? ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்கிறேன்

போடலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னை தம்பு செட்டி தெருவில் எங்கள் ஆபிஸ் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்: "அவங்க கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு வாங்கிட்டாங்க சார், இனிமே நான் அவங்க மேல எதுவுமே போட முடியாதா?" விவாகரத்து கேட்கிற கணவன், குழந்தையைப் பார்க்க வேண்டும் என்கிற அப்பா, அக்காவோடு பெரம்பூர் வீட்டைப் பாகம் பிரிக்க வேண்டிய தம்பி, மருமகளுக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை என்கிற மாமியார் என்று எல்லா மாதிரியும் வருவார்கள். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண் கேட்டு மாஜிஸ்திரேட் போடுகிற இந்த உத்தரவு உங்களை அந்தப் பெண்ணிடம் போகாதே என்கிறது. கோர்ட்டுக்குப் போகாதே என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் கோர்ட்டுக்குப் போகிற வழியில் காலை வைக்கக்கூடாத இடங்கள் நிறைய இருக்கின்றன, அங்கே காலை வைத்து, போட வந்த வழக்கை விட்டுவிட்டு ஜாமீனுக்கு அலைந்தவர்களை நான் கணிசமாகப் பார்த்திருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை, வக்கீலின் குமாஸ்தா. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26 அன்று அமலுக்கு வந்தது. அதற்கடுத்த பொங்கலுக்கு நான் இந்த வேலையில் சேர்ந்தேன், ஆக அந்தச் சட்டமும் நானும் கிட்டத்தட்ட ஒரே செட். கோர்ட்டில் அதை டி.வி. (டொமெஸ்டிக் வயலன்ஸ்) ஆக்ட் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே போய் வாதாடுங்கள் என்று சொல்லவில்லை. வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும், அதற்கு முன்னால் எதையெல்லாம் செய்து தொலைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இது. அவளை அலையவிட வேண்டும் என்பதற்காக மட்டும் வழக்கு தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை, அவர்களுக்கென்று கீழே ஒரு சட்டம் பற்றி எழுதியிருக்கிறேன், அதைப் படித்தால் போதும்.

முதல் வேலை, உத்தரவை வாங்கிப் படிப்பது

சிரிக்காதீர்கள். உத்தரவைப் படிக்காமலே வருகிறவர்கள்தான் அதிகம். "ஏதோ தடை போட்டிருக்காங்களாம்" என்று மச்சான் சொன்னதை வைத்துக்கொண்டு வருவார்கள். டி.வி. ஆக்டின் 24ஆம் பிரிவுப்படி உத்தரவின் நகல் இரண்டு தரப்புக்கும் இலவசம், சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கும் ஒன்று போகும். சென்னையில் இந்த வழக்குகள் பெரும்பாலும் எழும்பூர் கோர்ட்டில்தான் நடக்கும், கேஸ் நம்பரைத் தெரிந்துகொண்டு வக்காலத்து போட்ட வக்கீல் மூலமாகவோ நேரிலோ நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு எந்தப் பிரிவில் என்ன சொல்லியிருக்கிறது என்று பேனாவை வைத்துக்கொண்டு கோடு போட்டுப் படியுங்கள். 18ஆம் பிரிவு என்றால் அது பாதுகாப்பு உத்தரவு. 19 வீட்டில் குடியிருக்கும் உரிமை, 20 பணம், 21 குழந்தை, 22 நஷ்ட ஈடு. 23 என்று போட்டிருந்தால் அது இடைக்கால உத்தரவு, அதுவும் உங்களைக் கேட்காமலே, அவர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தை மட்டும் பார்த்துப் போட்டதாக இருக்கலாம். இடைக்காலம்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள், மீறினால் இரண்டுக்கும் ஒரே தண்டனை.

18ஆம் பிரிவில் வரக்கூடியவை: வன்முறை கூடாது, அதற்கு வேறு யாரையும் தூண்டக்கூடாது, அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போகக்கூடாது, பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால் அதன் பள்ளிக்கூடப் பக்கம் போகக்கூடாது, எந்த வகையிலும் தொடர்புகொள்ள முயலக்கூடாது, அவருடைய சொந்தக்காரர்களையோ அவருக்கு உதவியவர்களையோ தொந்தரவு செய்யக்கூடாது. அப்புறம் நிறையப் பேர் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒன்று, சொத்து. நடுவரின், அதாவது மாஜிஸ்திரேட்டின், அனுமதி இல்லாமல் சொத்தை விற்கக்கூடாது, பேங்க் லாக்கரையோ கணக்கையோ தொடக்கூடாது என்று உத்தரவில் இருக்கலாம், கூட்டுக் கணக்கு மட்டுமில்லை, உங்கள் பெயரில் மட்டும் இருக்கிற கணக்கும் அதில் வரலாம். உங்கள் உத்தரவில் இவற்றில் எவை இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி.

மீறினால் 31ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓராண்டுதானே என்று நினைக்கலாம். ஆனால் அது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம், ஸ்டேஷனிலேயே ஜாமீன் வாங்கிக்கொண்டு வர முடியாது. அதோடு 32ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரின் ஒரே சாட்சியை வைத்தே குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்கிறது. "அவங்க சொன்னா போதுமா சார்?" என்று கேட்பார்கள். போதும்.

கையையும் போனையும் கட்டிப்போடுவது

ஒருவர் வந்தார், மிகவும் மரியாதையான ஆள், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். தொடர்புகொள்ளக்கூடாது என்று உத்தரவு. வாட்ஸாப்பில் அவரை அந்த அம்மா பிளாக் பண்ணியிருந்தார், இவர் என்ன செய்தார் என்றால் ஜீபேயில் ஒரு ரூபாய் அனுப்பி, அதோடு வருகிற குறிப்பில் "விவாகரத்துக்குப் பேசலாமா, என் வக்கீலைப் பார்" என்று எழுதிவிட்டார். அவர் மனசில் அது சமாதானப் பேச்சு, கோர்ட்டில் அது எழுத்து மூலமான, மின்னணு மூலமான தொடர்பு, அதுவும் தேதி நேரத்தோடு, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அச்சாகி வந்த சாட்சியோடு. ஒரு ரூபாய்க்கு அவர் கட்டிய வக்கீல் பீஸை நான் சொல்லப்போவதில்லை.

ஆகவே வழக்கு போடப்போகிறேன் என்பதை அவரிடம் நீங்கள் சொல்லக்கூடாது. மிரட்டலாக மட்டும் இல்லை, நல்லவிதமாகவும் சொல்லக்கூடாது. தாய்மாமனை அனுப்பிச் சொல்லவைப்பது, குழந்தையிடம் சொல்லி அனுப்புவது, அவர் பார்ப்பார் என்று தெரிந்தே ஸ்டேட்டஸ் போடுவது, அவர் ஆபிஸ் மேனேஜருக்கு மெயில் போடுவது, அபார்ட்மென்ட் செக்யூரிட்டியிடம் கவரைக் கொடுத்துவிட்டு வருவது, இவை எல்லாமே அந்த "எந்த வகையிலும்" என்கிற வார்த்தைக்குள் வந்துவிடும். அவரே உங்களுக்கு போன் செய்தால்? எடுக்காதீர்கள். அவர் கூப்பிட்டதால் உத்தரவு ரத்தாகிவிடாது, கட்டுப்பாடு உங்கள் மேல் இருக்கிறது, அவர் மேல் இல்லை. வந்த அழைப்பின் ஸ்கிரீன்ஷாட்டை வக்கீலுக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள்.

உத்தரவே தப்பு என்றால்

வழக்கு போட வேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவை புது வழக்கு இல்லை, இருக்கிற உத்தரவை எதிர்த்த மேல்முறையீடுதான். 29ஆம் பிரிவுப்படி, உத்தரவு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் போட வேண்டும். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டிவரும், காரணம் சொல்ல வேண்டும், "எனக்குத் தெரியாது" என்பது காரணத்தில் சேராது. மேல்முறையீடு போட்டதாலேயே கீழே போட்ட உத்தரவு நின்றுவிடாது, அதற்குத் தனியாகத் தடை கேட்டு வாங்க வேண்டும். அப்பீல் நம்பர் ஆன அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பையோடு நின்றவர் ஒருவரை எனக்குத் தெரியும், அதற்குமேல் அந்தக் கதை வேண்டாம்.

இரண்டாவது வழி 25ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு: நிலைமை மாறிவிட்டது, உத்தரவை மாற்றுங்கள் அல்லது விலக்குங்கள் என்று அதே நடுவரிடம் மனு. இதை நீங்களும் போடலாம், அவரும் போடலாம். ஆனால் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: அந்த மாற்றம் உத்தரவு வந்த பிறகு நடந்ததாக இருக்க வேண்டும், மாற்றி எழுதினாலும் அது அன்றிலிருந்து முன்னோக்கித்தான் செல்லும், ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே "அன்னைக்கே அவங்க சொன்னது பொய்" என்பதை 25இல் போட்டுப் பிரயோஜனம் இல்லை, அது அப்பீலில் சொல்ல வேண்டியது. வேலை போய்விட்டது, ஊர் மாறிவிட்டது, இருவரும் ஒத்துப் பிரிந்து எழுதிக்கொண்டார்கள், இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் 25.

மூன்றாவதாக, வழக்கையே ரத்து செய்யச் சொல்லி நேராக ஹைகோர்ட்டுக்குப் போவது. முடியும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கூடவே ஹைகோர்ட் அந்த அதிகாரத்தை ரொம்ப யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. தங்கையைக் கட்டிக்கொடுத்து அவர் சிங்கப்பூரில் இருக்க, அவர் பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தால் அந்த மாதிரிக்கு யோசிக்கலாம். மற்றபடி பணத்தைக் கொண்டுபோய்க் கடலில் போடுகிற வேலை, ஹைகோர்ட்டுக்குப் பக்கத்தில்தான் கடலும் இருக்கிறது.

இனி வழக்கு

சரி, உத்தரவு இருக்கட்டும், உங்களுக்கு வேறு வழக்கு போட வேண்டும். பழக்கம் என்ன? முதலில் வக்கீல் நோட்டீஸ். இங்கேதான் நிதானம் வேண்டும். வக்கீல் நோட்டீஸ் உங்கள் சார்பில் எழுதப்படுகிற கடிதம், தொடர்பே கூடாது என்று உத்தரவு இருந்தால் அதையும் மீறல் என்று எதிர்த்தரப்பு சொல்லும். நல்ல விஷயம் என்னவென்றால் விவாகரத்து மனுவுக்கோ, பாகப்பிரிவினைக்கோ, கடன் வசூல் வழக்குக்கோ முன்நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை, நாமாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. நேராக வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, சம்மனைக் கோர்ட் அனுப்பட்டும் என்று விட்டுவிடலாம். பேட்டா என்கிற சம்மன் கட்டணத்தைக் கட்டினால் அமீனா, அதாவது கோர்ட் ஊழியர், கொண்டுபோய்க் கொடுப்பார், அது கோர்ட்டின் காகிதம், உங்களுடையது இல்லை. சில சமயம் கோர்ட்டே பிரைவேட் நோட்டீஸுக்கு அனுமதி கொடுக்கும்; அப்போதும் உங்கள் வக்கீல் ஆபிஸ்தான் தபாலில் அனுப்ப வேண்டும், அனுமதி கொடுத்த உத்தரவின் நகலும் கவருக்குள் போக வேண்டும், நீங்கள் அந்தக் கவரைத் தொடவே வேண்டாம். அவருக்கு டி.வி. வழக்கில் வக்கீல் இருந்தால், வக்கீலுக்கு வக்கீல் பேசிக்கொள்வது இன்னும் சுத்தம்.

செக் பவுன்ஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே நோட்டீஸ் கட்டாயம்: பேங்கிலிருந்து செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்த பின் பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஒரு பக்கம் அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம், இன்னொரு பக்கம் அனுப்பாதே என்று ஓர் உத்தரவு. இதற்கு எங்கள் சார் செய்வது, செக் திரும்பிய அதே வாரம் பாதுகாப்பு உத்தரவு போட்ட நடுவரிடமே ஒரு மனு: சட்டப்படி அனுப்ப வேண்டிய நோட்டீஸை வக்கீல் மூலம் அனுப்ப அனுமதி வேண்டும், அவ்வளவுதான். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. 29ஆம் நாள் செக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள்.

முகவரி இன்னொரு சிக்கல். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றால், தேடாதீர்கள். ஸ்விக்கி ஆர்டர், ஆதார், குழந்தையின் பள்ளி வேன் டிரைவர் என்று துப்பறிகிறவர்கள் எல்லாம் தங்கள் தலையில் தாங்களே மண் வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். டி.வி. மனுவில் அவர் கொடுத்திருக்கிற முகவரியைப் போடுங்கள். அங்கே சம்மன் போய்ச் சேரவில்லை என்றால், பேப்பர் விளம்பரம் மாதிரி மாற்று வழியில் சம்மனைச் சேர்ப்பிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இடம் இருக்கிறது, கோர்ட்டைக் கேட்டு அதைச் செய்யலாம்.

அப்புறம், உங்கள் மனுவில் பாதுகாப்பு உத்தரவு இருப்பதை நீங்களே சொல்லுங்கள், நகலை ஆவணமாக இணைத்துவிடுங்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே எடுத்து வைக்கும், அப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் நீதிபதி ஒரு கண்ணால்தான் பார்ப்பார்.

விவாகரத்து. சென்னையின் குடும்ப நல நீதிமன்றம் ஹைகோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் சாதாரணமாக மனு போட முடியாது. கணவன் போடுவதாக இருந்தால் கல்யாணம் நடந்த ஊர், மனைவி இப்போது இருக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். மனைவிக்கு மட்டும் தான் இருக்கும் ஊரிலேயே போடுகிற சலுகை உண்டு. நீங்கள் சென்னையில் போட்டு அவர் திருநெல்வேலியில் இருந்தால், வழக்கை அங்கே மாற்றச் சொல்லி ஹைகோர்ட்டில் கேட்பார், பெரும்பாலும் கிடைத்தும்விடும். குடும்ப நல நீதிமன்றத்தில் முதலில் கவுன்சிலிங் அனுப்புவார்கள். அங்கே இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது வழக்கம், ஆகவே முன்னாடியே ஒரு மெமோ கொடுத்து, தொடர்புத் தடை இருக்கிறது, தனித்தனியாகப் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள். நீங்கள் கேட்டால் அது உங்களுக்கு நல்ல பெயர். சிலருக்கு இன்னொரு யோசனை வரும், விவாகரத்து வேண்டாம், சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள் என்று இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் போடலாமே என்று. கிட்டே வராதே என்று ஒரு கோர்ட் சொல்லியிருக்கும்போது சேர்ந்து வாழ வா என்று இன்னொரு கோர்ட்டில் கேட்பது, என் அபிப்பிராயத்தில், உங்கள் வக்கீலுக்கு மட்டும் லாபம்.

ஒன்றை எதிர்பார்த்தே போங்கள். டி.வி. ஆக்டின் 26ஆம் பிரிவுப்படி நீங்கள் போட்ட வழக்கிலேயே அவர் பாதுகாப்பு, வீடு, பணம் எல்லாம் கேட்கலாம், எழும்பூருக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை. ஜீவனாம்சம் என்று வந்தால் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். ஐ.டி. கம்பெனியில் வேலை, சம்பளம் பதினெட்டாயிரம் என்று எழுதிக் கொடுத்தவர் ஒருவரின் பேங்க் ஸ்டேட்மென்ட் வந்து விழுந்தபோது கோர்ட் ஹாலில் எனக்கே சங்கடமாகப் போனது. அதே தீர்ப்பில் ஒரு சாதகமும் இருக்கிறது: ஒரு கோர்ட்டில் ஏற்கெனவே கொடுத்துவருகிற தொகையை இன்னொரு கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு நீங்கள் ரசீதோடு சொல்ல வேண்டும்.

குழந்தை. இதில்தான் ஆண்கள் அதிகம் அவசரப்படுவது, அதை நான் குறைசொல்ல மாட்டேன். குழந்தை சம்பந்தமாக டி.வி. வழக்கிலேயே 21ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், சந்திக்கும் நேரத்தை அங்கேயே கேட்கலாம். இல்லையென்றால் குடும்ப நல நீதிமன்றத்தில் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் மனு போடலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்கும் என்று இந்து சட்டம் சொல்கிறது, ஆகவே முழுப் பொறுப்பும் வேண்டும் என்று ஒரேயடியாகக் கேட்காமல் சந்திக்கும் உரிமையில் ஆரம்பியுங்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குழந்தைகள் மையத்தில் வைத்துப் பார்க்கிறேன், குழந்தையை அழைத்துவர அம்மாவோ பாட்டியோ யார் வந்தாலும் சரி, நான் அவர்களோடு பேச மாட்டேன் என்று மனுவிலேயே எழுதுங்கள். அப்படி எழுதிக் கேட்டவர்களுக்குச் சனிக்கிழமை இரண்டு மணி நேரமாவது கிடைத்திருக்கிறது. ஸ்கூல் வாசலில் போய் நின்றவர்களுக்கு அதுவும் போனது.

வீடு. அண்ணன் தங்கை, அக்கா தம்பிக்குள்ளும் டி.வி. ஆக்ட் வரும், ஒரே கூரையின் கீழ் இருந்த ரத்த சொந்தம் போதும் என்பது பலருக்குத் தெரியாது. எதிர்த்தரப்பு ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்கிற வார்த்தையையும் 2016இல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது, ஆகவே பெண்கள் மேலும் உத்தரவு வரும். தங்கை கையில் உத்தரவு இருந்தாலும் பாகப்பிரிவினை வழக்கு போடத் தடை இல்லை. ஆனால் வீட்டை அளக்கிறேன், போட்டோ எடுக்கிறேன் என்று நீங்கள் உள்ளே போக முடியாது. அதற்கு வக்கீல் கமிஷனரை நியமிக்கச் சொல்லி மனு போடுங்கள், கமிஷனர் சர்வேயரோடு போய்ப் பார்த்து அறிக்கை கொடுப்பார், நீங்கள் தெருமுனை டீக்கடையோடு நிற்கலாம், முடிந்தால் அதற்கும் வர வேண்டாம். விற்பது என்று முடிவானால் நடுவரின் அனுமதியை வாங்கிக்கொண்டுதான் பத்திர ஆபிஸ்.

வயசான மாமனார் மாமியார் தங்கள் பெயரில் இருக்கும் வீட்டிலிருந்து மருமகளை வெளியேற்ற வேண்டும் என்று வருவார்கள். "வீடு என் பேர்ல இருக்கு சார்" என்பதோடு முடிகிற காலம் போய்விட்டது. மருமகள் குடியிருந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாக, அதாவது டி.வி. ஆக்ட்படி குடியிருப்பு உரிமை கேட்கக்கூடிய வீடாக, இருக்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை மாற்றிச் சொன்னது. அதே தீர்ப்பு, முறைப்படி சிவில் வழக்கு போட்டு அந்தப் பெண்ணின் தரப்பையும் கேட்டு முடிவு செய்யலாம் என்றும் சொல்கிறது, கதவு மூடவில்லை. வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மூத்த குடிமக்கள் சட்டத்தில் மனு கொடுத்தால் ஒரு மாதத்தில் காலி பண்ணிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சட்டத்தை வைத்து டி.வி. ஆக்ட் கொடுத்த குடியிருப்பு உரிமையை இல்லாமல் ஆக்க முடியாது என்று அதே வருஷம் டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கிறது. வேறு வீடு வாடகைக்கு எடுத்துக் கொடுக்கிறேன் என்று எழுத்தில் சொல்பவர்களின் வழக்குதான் நகர்கிறது.

கைமாற்றுப் பணத்துக்கு மூன்று வருஷக் கெடு, புரோநோட்டுக்கும் அதே. உத்தரவு இருக்கிறது, அது முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தாண்டவிடாதீர்கள், பாதுகாப்பு உத்தரவுக்கு முடிவு தேதியே கிடையாது, அவரே வேண்டாம் என்று மனு போடும் வரை, அல்லது மேலே சொன்னபடி கோர்ட் அதை மாற்றும் வரை, அது ஓடும்.

அவர் உங்களை அடித்திருந்தால், மிரட்டியிருந்தால்? டி.வி. ஆக்டில் ஆண் மனு போட முடியாது, ஆனால் சாதாரணக் குற்றவியல் சட்டம் எல்லோருக்கும் பொது. பாதுகாப்பு உத்தரவு வைத்திருப்பவர் மேல் புகார் கொடுக்கக்கூடாது என்று எதுவும் இல்லை. சம்பவம் நடந்த இடத்து ஸ்டேஷனில், கூட்டம் சேர்த்துக்கொண்டு போகாமல், எழுத்தில் கொடுத்து, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அன்றைய தேதியில் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் வேப்பேரி கமிஷனர் ஆபிசுக்கு எழுதி, அதற்கும் பதில் இல்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் போகலாம். உத்தரவு வந்த மறுநாள், மூன்று வருஷத்துக்கு முந்தைய சம்பவத்துக்குப் புகார் கொடுத்தால் எந்த இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டுதான் வாங்குவார்.

பொய்சாட்சி வழக்கு எல்லோரும் கேட்கிற ஐட்டம். நீங்கள் நேராகப் போட முடியாது. எந்தக் கோர்ட்டில் பொய் சொன்னாரோ அந்தக் கோர்ட்டிடம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 340, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 379ஆம் பிரிவில் மனு கொடுத்து, புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்தக் கோர்ட்டே முடிவு செய்யும். அவர் நிரூபிக்கவில்லை என்பது வேறு, தெரிந்தே பொய் சொன்னார் என்பது வேறு. வேலையே இல்லை என்று சத்தியம் செய்தவரின் சம்பளச் சீட்டு உங்கள் கையில் இருந்தால் பேசலாம். "அவ நடிக்கிறா சார்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எத்தனை வழக்கு போடலாம்

தேவையானதை மட்டும். விவாகரத்து, குழந்தை, மானநஷ்டம், பாகம், பொய்சாட்சி, நடுவில் அவர் அப்பா மேல் ஒன்று, தம்பி மேல் ஒன்று என்று ஒருவர் ஏழு வழக்கு போட்டார், அவர் ஏழாவதைப் போட்ட அன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் ஏழையும் ஒரு பட்டியலாக அடித்து, இதுவும் மனரீதியான வன்முறைதான் என்று நடுவரிடம் கொடுத்துவிட்டார். அது எடுபட்டது. இதற்கென்றே நம் மாநிலத்தில் 1949இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, காரணமில்லாமல் தொந்தரவுக்காக வழக்குமேல் வழக்கு போடுகிறவர்களைத் தடுக்கும் சட்டம். அட்வகேட் ஜெனரல் மனு போட்டு ஹைகோர்ட் ஒத்துக்கொண்டால், அதன் பிறகு அனுமதி வாங்காமல் ஒரு வழக்கும் போட முடியாது. அபூர்வமாகத்தான் பயன்படுத்துவார்கள், இருந்தாலும் இருக்கிறது. அவரிடம் வக்கீலுக்குக் காசு இருக்காது, நாலு வாய்தாவில் ஓய்ந்துவிடுவார் என்கிற கணக்கும் தப்பு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது, அதற்குள் வந்தால் நீங்களும் 15100க்கு போன் செய்து கேட்கலாம்.

பேசி முடித்துக்கொள்ள இரண்டு பேருக்கும் மனசு இருந்தால் ஹைகோர்ட்டில் 2005இலிருந்து சமரச மையம் இருக்கிறது. கோர்ட் மூலமாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பெஞ்ச் நண்பர்களை வைத்து ஹோட்டலில் பஞ்சாயத்து வேண்டாம்.

வாய்தா அன்றைக்கு

வழக்கு நம்பர் ஆனதும் 16 எழுத்து சி.என்.ஆர். எண் கிடைக்கும், அதை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த வாய்தா தெரியும், அதற்காக என்னைத் தினமும் காலை ஏழு மணிக்குக் கூப்பிட வேண்டியதில்லை. ஹைகோர்ட் வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். சோதனை இருக்கும், அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பு உத்தரவின் நகலும் பையில் இருக்கட்டும். அவரும் வருவார். ஒரே வராண்டா, ஒரே பெஞ்ச், ஃபேன் ஒன்றுதான் ஓடும். கண்ணில் பட்டால் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுங்கள். கோர்ட் ஹாலுக்குள் ஆஜராவது மீறல் இல்லை, வராண்டாவில் "பாப்பா எப்படி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பது மீறல். உங்கள் அம்மாவைக் கூட்டிவராதீர்கள், அவரால் சும்மா இருக்க முடியாது. நேரில் வருவதே பிரச்சினை என்றால் காணொலியில் ஆஜராக அனுமதி கேளுங்கள், காரணம் எழுதிக் கேட்டால் கொடுக்கிறார்கள்.

வழக்கு கூப்பிட்டு முடிந்ததும் அவரை முதலில் கிளம்பவிடுங்கள். மெட்ரோ ஸ்டேஷனுக்கும் பஸ்ஸுக்கும் போகிற வழி ஒன்றேதான், இருபது நிமிஷம் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, அடுத்த வாய்தா தேதியை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கப்புறம் கிளம்புங்கள்.